லினக்ஸ் டிஸ்க் போட்டும் லேப்டாப் பூட் ஆகலையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்க

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றன. தனிநபர் கணினிகளுக்குக் கூடுதலாக ஓராண்டு நீட்டிப்பை அந்த நிறுவனம் அறிவித்தது. அந்த நீட்டிப்புக்கும் 2026 அக்டோபர் 13 என்று தேதி குறித்தது.

இதில் உங்களுக்கு என்ன? 2017-ல் திருப்பதி ஐஐடியிலோ, ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்திலோ, சித்தூர் எல்லை தாண்டி வேலூரிலோ சேர்ந்த ஒருவர் வாங்கிய லேப்டாப்பை எடுத்துக்கோங்க. அந்த வருஷம் கடைகளில் பரவலாகக் கிடைத்தது இன்டெல் ஏழாம் தலைமுறை பிராசஸர். சில விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு வந்தது. கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். ஸ்க்ரீன் நல்லா இருக்கு, கீபோர்டு நல்லா இருக்கு, எஸ்எஸ்டி மாற்றினால் இன்னும் நான்கு வருஷம் ஓடும். ஆனால் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை. விண்டோஸ் 10 நிறுத்தப்படுவதால் உலகம் முழுக்க சுமார் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகலாம் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் கணித்திருந்தது.

அதனால்தான் பலர் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் எல்லாமே இலவசம். டவுன்லோடு செய்து, டிவிடியிலோ பென் டிரைவிலோ போட்டு, லேப்டாப்பை ஆன் செய்கிறார்கள். ஒண்ணுமே நடக்கவில்லை. பழையபடி விண்டோஸ் வருகிறது, இல்லாவிட்டால் கறுப்பு ஸ்க்ரீனில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கிறது. "லேப்டாப் பழசு, லினக்ஸ் ஏறாது, புதுசு வாங்கிடுங்க" என்ற பதிலைக் கேட்டுவிட்டுப் பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

பெரும்பாலான நேரங்களில் லேப்டாப்பில் கோளாறே இருக்காது. ஆன் ஆகும்போது எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று லேப்டாப்புக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. உங்கள் டிஸ்க் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை, அல்லது டிஸ்க்கே சரியாக எழுதப்படவில்லை. இந்த ஆண்டு அந்தப் பட்டியலே மாறுகிறது என்பதால், இது லினக்ஸ் ஆர்வலர்களின் பிரச்சினை மட்டும் இல்லை.

தொடுவதற்கு முன் இரண்டு வேலை

முதல் வேலை பேக்கப். போட்டோ, சான்றிதழ், ஆபீஸ் ஃபைல் எல்லாம் வேறொரு டிரைவில் இருக்கட்டும்.

இரண்டாவது, பிட்லாக்கர். சமீபத்திய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸ் செட்டிங்கில் ஏதாவது ஒன்றை மாற்றியதும், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அது கையில் இல்லையென்றால் உங்கள் டேட்டா உங்களுக்கே கிடைக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து, அந்த எண்ணை ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கோங்க. பிறகு விண்டோஸிலேயே பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைங்க.

இன்னொன்று: கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் இதெல்லாம் செய்யாதீங்க. பூட் செட்டிங்கை மாற்றுவது பல நிறுவனங்களில் பாதுகாப்பு விதிமீறல். கீழே சொல்வதெல்லாம் உங்கள் சொந்த லேப்டாப்புக்கு.

எந்த இடத்தில் நிற்கிறது?

"பூட் ஆகலை" என்று பொதுவாகச் சொல்வதற்குள் ஐந்து தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. உங்களுடையது எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

1. நேராக விண்டோஸ் வந்துவிடுகிறது

டிஸ்க்கை லேப்டாப் பார்க்கவே இல்லை. ஆன் செய்தவுடன் பூட் மெனுவைத் திறக்க வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஸ்கேப் அழுத்திப் பிறகு எஃப்9, ஏசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12-தான், ஆனால் பல மாடல்களில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் "எஃப்12 பூட் மெனு" என்பதை முதலில் ஆன் செய்தால்தான் அது வேலை செய்யும்.

கீ பிடிபடவில்லையா? விண்டோஸிலேயே வழி இருக்கு. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்க. நீலத் திரை வரும். அதில் "யூஸ் எ டிவைஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் பென் டிரைவ் பெயர் தெரியும். சாதாரணமாக ஷட் டவுன் கொடுத்தால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியால் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். லினக்ஸ் போடுவதற்கு முன் அந்த வசதியை அணைத்துவிடுவது நல்லது.

2. பூட் மெனுவில் டிஸ்க் இல்லை, அல்லது "நோ பூட்டபிள் டிவைஸ்" என்கிறது

இங்கே சந்தேகம் டிஸ்க் மேல். டவுன்லோடு ஆன ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே காப்பி-பேஸ்ட் செய்தால் அது பூட் ஆகாது. டிவிடி என்றால் "பர்ன் இமேஜ்" என்ற முறையில், குறைந்த வேகத்தில் எழுத வேண்டும். பென் டிரைவ் என்றால் ரூஃபஸ், பலேனா எட்சர், வென்டாய் போன்ற மென்பொருள் வேண்டும்.

டிவிடிக்கு இன்னொரு சிக்கல், அளவு. சாதாரண டிவிடியில் 4.7 ஜிபிதான் கொள்ளும். உபுண்டு 24.04 டெஸ்க்டாப் அதைவிடப் பெரியது, ஏறாது. லினக்ஸ் மின்ட் 22 சுமார் 3 ஜிபிதான், அதனால் டிவிடியில் அடங்கும். பத்து வருஷ டிவிடி டிரைவின் லென்ஸும் பலவீனமாகி இருக்கலாம். 8 ஜிபி பென் டிரைவை, ஹப் எதுவும் இல்லாமல் நேராக லேப்டாப்பில் செருகிப் பார்ப்பது சுலபமான வழி.

ரூஃபஸில் ஒரு கேள்வி வரும்: ஜிபிடியா, எம்பிஆரா? விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று தேடித் திறங்க. "பயாஸ் மோட்" என்ற வரியில் யூஇஎஃப்ஐ என்று இருந்தால் ஜிபிடி. லெகசி என்று இருந்தால் எம்பிஆர். இதை மாற்றிப் போட்டாலும் டிஸ்க் கண்ணில் படாது. ரொம்பப் பழைய 32-பிட் லேப்டாப் என்றால் வேறு கதை. உபுண்டு 2017-லேயே 32-பிட் டெஸ்க்டாப் டிஸ்க்கை நிறுத்திவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-லும் அதற்கான இன்ஸ்டாலர் இல்லை.

டவுன்லோடு பாதியில் கெட்டிருக்கவும் வாய்ப்புண்டு. ஒவ்வொரு லினக்ஸ் தளத்திலும் ஐஎஸ்ஓவுக்குப் பக்கத்தில் ஷா256 என்ற நீண்ட எண் இருக்கும். உங்களிடம் உள்ள ஃபைலின் எண்ணும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வது இல்லை. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்தையே ஹேக் செய்து, கள்ளக்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு லிங்க் கொடுத்தார்கள். நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் லிங்கை விட்டுவிட்டு, அதிகாரபூர்வ தளத்திலிருந்தே எடுங்க.

3. "செக்யூரிட்டி வயலேஷன்", "வெரிஃபிகேஷன் ஃபெயில்டு" என்று வருகிறது

இது செக்யூர் பூட் வேலை. செய்தியில் அடிபடுவதும் இதுதான். கீழே விரிவாகப் பார்ப்போம்.

4. மெனு வருகிறது, பிறகு கறுப்பு ஸ்க்ரீன்

டிஸ்க் நல்லது, பூட்டும் ஆகிவிட்டது. தகராறு கிராஃபிக்ஸ் கார்டோடு. என்விடியா கார்டு உள்ள லேப்டாப்களில் இது அடிக்கடி வரும். உபுண்டு மெனுவில் "சேஃப் கிராஃபிக்ஸ்", மின்ட் மெனுவில் "கம்பாட்டிபிலிட்டி மோட்" என்ற வரியைத் தேர்ந்தெடுங்க. இன்ஸ்டால் ஆன பிறகு சரியான டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம்.

5. இன்ஸ்டாலர் வருகிறது, ஆனால் எஸ்எஸ்டி தெரியவில்லை

சில இன்டெல் லேப்டாப்களில் எஸ்எஸ்டி, ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற அமைப்புக்குப் பின்னால் இருக்கும். பயாஸில் அதை ஏஹெச்சிஐக்கு மாற்றினால் லினக்ஸுக்குத் தெரியும். சில ஏசர் மாடல்களில் பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால்தான் இந்த வரியே கண்ணுக்குத் தெரியும். ஒரு எச்சரிக்கை: விண்டோஸும் வேண்டும் என்றால் இதை நேரடியாக மாற்றாதீங்க, விண்டோஸ் பூட் ஆகாமல் போய்விடும். முதலில் விண்டோஸை சேஃப் மோடுக்கு வரும்படி அமைத்துவிட்டு, பிறகு மாற்ற வேண்டும்.

செக்யூர் பூட் என்றால் என்ன?

திருமலைக்குப் போகிற வண்டிகள் அலிபிரியில் நின்று சோதனை முடிந்துதான் மலை ஏறும். செக்யூர் பூட்டும் அப்படித்தான். லேப்டாப் ஆன் ஆனதும், விண்டோஸோ லினக்ஸோ மேலே ஏறுவதற்கு முன், யூஇஎஃப்ஐ என்ற அடிப்படை மென்பொருள் வழியை மறித்து நிற்கிறது. "உன் கையெழுத்து யாருடையது?" என்று கேட்கிறது. அதனிடம் இரண்டு பட்டியல் இருக்கிறது. ஒன்று நம்பத்தக்க கையெழுத்துகள், இன்னொன்று தடை செய்யப்பட்டவை. விண்டோஸுக்கு முன்னாலேயே உள்ளே புகுந்து உட்காரும் வைரஸ்களைத் தடுப்பதற்காக வந்த ஏற்பாடு இது. 2012-ல் விண்டோஸ் 8-ஓடு பரவலாக வந்தது.

பெரும்பாலான லேப்டாப்களில் அந்த நம்பிக்கைப் பட்டியலில் இருப்பது மைக்ரோசாஃப்டின் கையெழுத்து. அதனால் லினக்ஸ்காரர்களும் அங்கேதான் போக வேண்டியிருந்தது. அப்போது ரெட் ஹேட்டில் இருந்த மேத்யூ காரெட் 2012-ல் "ஷிம்" என்ற சின்ன மென்பொருளை உருவாக்கினார். மைக்ரோசாஃப்ட் அந்த ஷிம்மில் கையெழுத்துப் போடும். ஷிம் அதற்குப் பின்னால் வரும் லினக்ஸைச் சோதித்து உள்ளே விடும். இன்று உபுண்டு, ஃபெடோரா, டெபியன், மின்ட் எல்லாமே செக்யூர் பூட்டை அணைக்காமலே ஏறுவது இந்த ஏற்பாட்டால்தான்.

ஏற்பாடு மூன்று இடங்களில் சறுக்குகிறது.

ஒன்று, தடைப் பட்டியல். 2024 ஆகஸ்ட் 13-ம் தேதி வந்த விண்டோஸ் அப்டேட், பழைய ஓட்டையுள்ள பூட் மென்பொருள்களைத் தடை செய்தது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கும் கணினிகளை இது தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் அப்படிப்பட்ட பல கணினிகளிலும் அப்டேட் இறங்கிவிட்டது. மறுநாள் லினக்ஸைத் திறந்தவர்களுக்கு "ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது" என்ற பொருளில் ஒரு வரி மட்டும் காத்திருந்தது. பழைய லினக்ஸ் டிஸ்க்குகளும் பூட் ஆக மறுத்தன. இதில் உங்களுக்கான பாடம்: டிராயரில் கிடக்கும் பழைய லினக்ஸ் டிஸ்க்கை எடுக்காதீங்க. அதே லினக்ஸின் புதிய ஐஎஸ்ஓவை டவுன்லோடு செய்து முயற்சி பண்ணுங்க.

இரண்டாவது, சில லேப்டாப்கள் மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்குப் போடும் கையெழுத்தை மட்டுமே நம்புகின்றன, மற்றவர்களுக்குப் போடும் கையெழுத்தை நம்புவதில்லை. 2022-ல் லெனோவோவின் திங்க்பேட் இசட்13 மாடலில் இது இருப்பதை அதே மேத்யூ காரெட் சுட்டிக்காட்டினார். பயாஸில் "அலவ் மைக்ரோசாஃப்ட் தேர்ட் பார்ட்டி யூஇஎஃப்ஐ சிஏ" என்ற வரியை ஆன் செய்தால் போதும். செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, இந்த ஆண்டின் விஷயம்.

2026 ஜூனில் என்ன மாறுகிறது?

செக்யூர் பூட்டுக்கு அடிப்படையான மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்கள் 2011-ல் உருவானவை. அவற்றுக்கு ஆயுள் 15 வருஷம். லினக்ஸ் ஷிம்முக்குக் கையெழுத்துப் போடும் சான்றிதழ் 2026 ஜூனிலும், விண்டோஸுக்குக் கையெழுத்துப் போடும் சான்றிதழ் 2026 அக்டோபரிலும் காலாவதி ஆகின்றன. அவற்றுக்குப் பதிலாக 2023-ல் உருவாக்கிய புதிய சான்றிதழ்களை மைக்ரோசாஃப்ட் விநியோகித்து வருகிறது.

அப்படியென்றால் ஜூனோடு லினக்ஸ் நின்றுவிடுமா? நிற்காது. ஒரு பேச்சுக்கு, அந்தச் சோதனைச் சாவடியில் ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்ட பாஸ் இருந்தால்தான் விடுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதிகாரி ஓய்வு பெறுகிறார். அவர் ஏற்கெனவே போட்ட கையெழுத்துகளைக் காவலர் தொடர்ந்து ஏற்பார், ஏனென்றால் அவர் பார்ப்பது கையெழுத்தை, தேதியை இல்லை. லேப்டாப்களின் யூஇஎஃப்ஐயும் பொதுவாக இப்படித்தான் நடந்துகொள்கிறது. ஆகவே இன்று ஓடுகிற லினக்ஸ் நாளையும் ஓடும்.

சிக்கல் புதிய பாஸில். இனி கையெழுத்துப் போடுவது புதிய அதிகாரி. அவருடைய கையெழுத்து எப்படி இருக்கும் என்று பழைய காவலருக்கு யாரும் காட்டவில்லை என்றால், அவர் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதாவது 2023 சான்றிதழ் ஏறாத பழைய லேப்டாப், வருங்கால லினக்ஸ் டிஸ்க்குகளை மறுக்கலாம். ஆகவே லினக்ஸுக்கு மாறும் எண்ணம் இருந்தால், விண்டோஸை அழிப்பதற்கு முன்பே ஒரு காரியம் செய்யுங்க: நிலுவையில் உள்ள விண்டோஸ் அப்டேட்களையும், லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உள்ள பயாஸ் அப்டேட்டையும் போட்டு முடிச்சிடுங்க. புதிய சான்றிதழ்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகின்றன. ஏற்கெனவே லினக்ஸில் இருப்பவர்களுக்கு "எஃப்டபிள்யூஅப்டி" என்ற கருவி அதே வேலையைச் செய்யும். பயாஸ் அப்டேட் நடக்கும்போது சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

செக்யூர் பூட்டை அணைத்துவிட்டால் என்ன?

அணைக்கலாம், லேப்டாப் உங்களுடையது. ஆனால் அதை முதல் வழியாக வைத்துக்கொள்ள வேண்டாம். புதிய ஐஎஸ்ஓ, பயாஸ் அப்டேட், மூன்றாம் தரப்பு அனுமதி ஆகிய மூன்றையும் பார்த்த பிறகும் ஏறவில்லை என்றால் அணைத்து, இன்ஸ்டால் செய்துவிட்டு, திரும்ப ஆன் செய்து பாருங்க. பல நேரம் அதற்குப் பிறகு ஒழுங்காக ஓடும். ஏசர் லேப்டாப்பில் அந்த வரி மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கும். பயாஸில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று போட்டால் திறக்கும். அந்தப் பாஸ்வேர்டை மறந்துடாதீங்க.

லினக்ஸ் பக்கமும் தவறு நடக்காமல் இல்லை. 2017 டிசம்பரில், உபுண்டு 17.10 போட்ட சில லெனோவோ லேப்டாப்களில் பயாஸ் செட்டிங்கைச் சேமிக்க முடியாமல் போனது, சிலவற்றில் யூஎஸ்பியிலிருந்து பூட் ஆவதே நின்றது. உபுண்டு அந்த டவுன்லோடை விலக்கிக்கொண்டு, 2018 ஜனவரியில் திருத்திய டிஸ்க்கை வெளியிட்டது. சூடாக வந்த வெர்ஷனை விட, எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவு வெர்ஷனை எடுப்பது நல்லது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எல்லோரும் மாறலாமா?

பிரவுசர், கோடிங், லிப்ரே ஆபீஸ், வீடியோ மீட்டிங் என்று உங்கள் வேலை இருந்தால் தாராளமாக மாறலாம். தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் வந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அதை உருவாக்கியது சி-டாக். கேரளத்தின் அரசுப் பள்ளிக் கணினிகள் பல வருஷமாக லினக்ஸில்தான் ஓடுகின்றன. தமிழ், தெலுங்கு இரண்டிலும் தட்டச்சு செய்ய வசதி இருப்பதால், இரண்டு மொழியிலும் புழங்குகிற சித்தூர்க்காரர்களுக்கு அதில் குறை வராது.

ஆனால் டேலி, போட்டோஷாப், டெஸ்க்டாப் எம்எஸ் ஆபீஸ் உங்கள் பிழைப்பு என்றால் யோசிங்க. அவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. ஆன்லைன் தேர்வுகளுக்கான சேஃப் எக்ஸாம் பிரவுசருக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. முடிவெடுக்கும் முன் "ட்ரை" அல்லது "லைவ்" முறையில், இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்க. வைஃபை, ஒலி, கேமரா, டச்பேட் நான்கும் வேலை செய்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சிக்கிக்கொண்டால் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுக்கள் இயங்குகின்றன. தமிழில் லினக்ஸ் கட்டுரைகளுக்குக் கணியம் தளம் இருக்கிறது. தெலுங்கில் வசதி என்றால் ஸ்வேச்சா அமைப்பு.

அவர்களிடமோ, பக்கத்து சர்வீஸ் கடையிலோ போகும்போது "லினக்ஸ் ஏறலை" என்று மட்டும் சொல்லாதீங்க. லேப்டாப் மாடல், எந்த லினக்ஸ், எந்த வெர்ஷன், டிஸ்க்கை எழுதிய மென்பொருள், செக்யூர் பூட் ஆன்-ல இருக்கா ஆஃப்-ல இருக்கா, ஐந்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்று எழுதி, ஸ்க்ரீனை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. "மதர்போர்டு போச்சு" என்று யாராவது சொன்னால், விண்டோஸ் அதே லேப்டாப்பில் நன்றாக ஓடுவதைக் காட்டி, பயாஸில் என்ன பார்த்தாங்க என்று கேளுங்க. அதற்குப் பதில் வரும்வரை புது லேப்டாப்புக்கு இஎம்ஐ போட வேண்டாம்.